அப்பாவுக்குக் கிடைத்த மரியாதை

"உங்கப்பாவப் பத்தி நாலு பேரு படிக்கப் போறாவ. மரியாதையா எழுதணும், என்ன?" என்று பெரியப்பா ஊரிலிருந்து தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்தால் கடைவரை போய், போன வேலை மறந்து திரும்புகிறேன். அப்பாவின் ஆண்டு நினைவு நாள் நெருங்கிவிட்டது. நினைவு மலருக்காக அச்சகத்திலும் அவசரப்படுத்துகிறார்கள். இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் அப்பா உடன்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, சென்னைக்கு வந்து, பெரம்பூரில் உறவினர் கடையில் பொட்டலம் மடித்துத் தொழில் கற்றார்கள். பிறகு கல்மண்டபத்தில் சொந்தமாக மளிகைக் கடை போட்டார்கள். கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகும்.

கடை திறந்த புதிதில் வந்தவர் ஏழுமலை மாமா. காசிமேட்டில் படகு வைத்திருப்பவர். வாசலில் நின்றபடியே, "இன்னா மாமு, கடைய தொறந்து வச்சிகினு தூங்கிகினு கீறியா? எட்றா பருப்ப!" என்று சத்தம் போட்டிருக்கிறார். அப்பா நடுங்கிப்போய், "வாங்க, உக்காருங்க, இந்தா தாரேன்" என்றார்களாம். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. பருப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்து டீக்கடைக்காரரிடம் அப்பா கேட்டார்கள்: "அந்தப் படகுக்காரரு என்னைய எதுக்கு இந்த ஏச்சு ஏசுதாரு?" சாயங்காலம் அதே டீக்கடையில் மாமா கேட்டார்: "அந்த ஆளு இன்னாத்துக்கு நம்மள வாங்க போங்கன்றான்? நான் இன்னா தப்பு பண்ணேன்?" டீக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். மாமாவின் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேண்டியவர்கள் என்றால் வாடா, போடாதான். மனம் கசந்துவிட்டால்தான் மரியாதை வரும். அப்பாவின் ஊரிலோ கடைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் மரியாதை தர வேண்டும். விஷயம் தெரிந்த பிறகு அப்பாவும், "ஏல ஏழுமல" என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். அந்தத் தெற்கத்தி ராகத்தைக் கேட்டு மாமாவின் ஆட்கள், "அண்ணாச்சி பாட்டு பாடிகினு கீறாரு" என்று கேலி செய்வார்கள்.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் பெரிய சண்டை என்று வந்தது ஒரே முறைதான். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் மாமா படகை எடுக்கக் கிளம்பினார். அப்பா சாமான் கொடுக்க மறுத்துவிட்டார்கள். "பட்டினி கெடந்து போவியோல? போய்த்தான் பாரேன்" என்றார்கள். சோறில்லாமல் கடலுக்குப் போக ஆட்கள் யாரும் ஏறவில்லை. படகு கரையிலேயே நின்றது. மறுநாள் மாமா கடைக்கு வந்து கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மழைக்காலம் முடிந்த பிறகுதான் மறுபடி "டேய் அண்ணாச்சி" என்ற குரல் வாசலில் கேட்டது. அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

அப்பா அதிர்ந்து பேசாதவர்கள். அந்த ஒரு நாள் தவிர எந்தப் படகையும் வெறும் கையோடு அனுப்பாதவர்கள். குறை என்றால் ஒன்றுதான், தம் உடம்பைக் கவனிக்க மாட்டார்கள். பிரஷர் மாத்திரையை எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள். கை மரத்துப்போகிறது என்று மாமாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்கள். "ஆஸ்பத்திரிக்கு வாடா" என்று மாமா கூப்பிட்டபோதெல்லாம், "சரக்கு வருது, நாளைக்குப் போவோம்" என்பதே பதில். அந்த நாளை வருவதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

மருத்துவமனை வார்டுக்குள் மாமா நுழைந்ததும், "டேய் கெய்வா, இன்னாடா பட்துகினு கீற? எய்ந்து வாடா!" என்றார். ஊரிலிருந்து அன்றுதான் வந்திருந்த பெரியப்பா பதறிப்போய், "யாருய்யா நீரு? சீக்காளியப் போயி ஏசுதீரு? வெளிய போவும்!" என்று அனுப்பிவிட்டார்கள். பெரியப்பாவைக் குறை சொல்லவில்லை. தம்பி மேலிருந்த பாசம் அது.

மறுநாள் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கட்டிலருகே கைகட்டி நின்று, "எப்டி இருக்கீங்க அண்ணாச்சி?" என்றார். அப்பாவின் கண்கள் அலைபாய்ந்தன. நன்றாக இருந்த கையால் போர்வையை இழுத்து இழுத்து விட்டார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது. நண்பர் கோபித்துக்கொண்டார் என்றே நினைத்துவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. "மாமா, எப்பவும் போல பேசுங்க" என்று கெஞ்சினேன். மாமா பெரியப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "டேய் கெய்வா, கஞ்சி குடிடா. ரொம்பத்தான் பண்ணிகினு கீற" என்றார். அப்பாவின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அன்றைக்குக் கஞ்சியும் உள்ளே போயிற்று. அதுதான் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு.

இறுதி ஊர்வலத்துக்கு அப்பாவைத் தூக்கும் நேரம் மாமா வந்தார். கூட்டம் வழிவிட்டது. மாலையைப் போட்டார். கைகூப்பினார். "போயிட்டு வாங்க அண்ணாச்சி. ரொம்ப நன்றிங்க" என்றார். "எவ்வளவு மரியாதையான மனுசன்! நாந்தான் தப்பா நெனைச்சிட்டேன்" என்று பெரியப்பா உருகிப்போனார்கள். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத்தான் தெரியும், மாமா எவ்வளவு கோபத்தில் இருந்தார் என்று.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஊரிலிருந்து ஓடி வந்த உறவுகளுக்கும், எங்களுக்குச் சோறு அனுப்பிய கல்மண்டபத்து அக்கம்பக்கத்தாருக்கும், அன்று படகுகளைக் கரையிலேயே நிறுத்திவிட்டு வந்த மீனவ நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஏழுமலை மாமாவுக்கு மட்டும் இங்கே நன்றி சொல்லப் பயமாக இருக்கிறது.

அப்பா, வீட்டில் உங்களை நான் நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். இந்தக் கட்டுரை முழுக்க மரியாதையாக எழுதியது பெரியப்பா சொன்னதால் மட்டுமல்ல. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?