கவிஞர் தலை, முதலாளி தோள்

வாசகசாலை நண்பர்களே, இன்று காலை மாதா கோயில் பக்கத்தில் நம் கவிஞரின் சிலையைத் திறந்தார்கள். நானும் போயிருந்தேன்.

கவிஞரின் மனைவி வீட்டிலேயே ஒரு மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏணியில் ஏறிய ஆள் அதைச் சிலைக்குப் போட்டார். மாலை தோளில் இறங்கவில்லை. கழுத்தைச் சுற்றிச் சுருண்டு நின்றது.

"அவரு அளவுக்குத்தான் கட்டுனேன்" என்றார் அந்த அம்மா. பிறகு நிமிர்ந்து பார்த்தார். "மூஞ்சி அவருதுதான். இந்த ஒடம்பு யாருது?"

சிலைக்குப் பணம் கொடுத்தவர், ஊரார் மரியாதையாக 'முசியே' என்று கூப்பிடும் ஆலை முதலாளி. அவர் சிரித்தார். "கவிஞர் படம் கழுத்து வரைக்கும்தாம்மா கெடச்சுது. அதான் சிற்பி முன்னால நானே போயி நின்னேன். பாக்க கம்பீரமா இருக்குதுல்ல?"

"ஒங்க ஆலைல அவர வேலைய வுட்டு நிறுத்துன பொறவு, எலும்பும் தோலுமாத்தான் போனாரு முசியே."

அதற்குள் ஓர் அதிகாரி ஒலிபெருக்கியில் அறிவித்தார்: இந்தச் சிலை அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டதாம். இனி யாரும் இதில் ஒரு சிறு மாற்றமும் செய்ய முடியாதாம். கூட்டம் கைதட்டியது.

அந்த அம்மா மட்டும் ஏணிக்காரரிடம் கையை நீட்டினார். "மாலைய எறக்கிக் குடுங்க. ஊட்ல இருக்குற படத்துக்கே போட்டுக்குறேன்."

காலையில் அங்கே கைகூப்பி நின்ற நண்பர்களே, நீங்கள் யாரைக் கும்பிட்டீர்கள்? இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள். நாளை அந்தப் பக்கம் போகிறவர்கள் கழுத்துக்கு மேலே மட்டும் கும்பிடுங்கள்.