முப்பத்திரண்டு பயில்வான்களும் ஒரு முதலிடமும்

மைசூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் வேலை பார்த்த உமாதேவிக்குக் குஸ்தி என்றால் உயிர். 1996-ஆம் வருடம் அது. பிள்ளைகள் கையிலெல்லாம் வெளிநாட்டுப் பயில்வான்களின் சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம். அதன் கீழே உயரம், எடை, மார்பளவு, தரவரிசை. இரண்டு பேர் சீட்டு போடுவார்கள். யாருடைய பயில்வான் ஒசத்தியோ அவருக்கு இரண்டும்.

“நம்ம ஊர்ல மண்ணு பூசிக்கிட்டு நிக்கறவங்க எதுல கொறஞ்சு போனாங்க?” என்றாள் உமாதேவி. தசரா குஸ்தி வருவதற்குள் உள்ளூர்க் கட்டு ஒன்று கொண்டுவருவது என்று முடிவாயிற்று.

அக்கம்பக்கத்துக் குஸ்திப் பைத்தியங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு ரூபா சீட்டுக்கு ஓரக்கோலம் வரைந்தாள். அரிசி மண்டிக்காரர் தராசு கொடுத்தார். கரடி மனை என்கிற குஸ்திப் பயிற்சிக்கூடத்துக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை. அதனால் அளவு நாடாவோடு உள்ளே போய், போட்டோக்களும் வாங்கி வந்தவன் அவள் கணவன் வேலாயுதம். எடை கூடினால் ஜெயிக்கலாம் என்ற செய்தி பரவியதும், பயில்வான்கள் மூக்குமுட்டத் தின்றுவிட்டுத் தராசில் ஏறினார்கள். ஒருவர் ஏறி நின்றுகொண்டே வாழைப்பழம் உரித்தார்.

வம்பு தரவரிசையில் வந்தது. டீக்கடையில் பெட்டி வைத்து ஓட்டுப் போடச் சொல்லியிருந்தாள். அவனவன் தன் தெருப் பயில்வானுக்கே போட்டான். வீடு அதிகமுள்ள தெரு ஜெயித்தது. போன தசராவில் எல்லாரையும் மல்லாத்திய பசவராஜ் பதினேழாமவன் ஆகிவிட்டான்.

அச்சடித்த தாளை உமாதேவி கொண்டுபோய்க் கொடுத்தனுப்பியதும் பசவராஜின் குரு மல்லப்பன் கரடி மனை வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

“எங்க பசங்க போட்டோ எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடுங்க உமாம்மா. எங்களுக்கு இது பேடா, வேணாம்.”

அவர் விலகினால் மற்ற கரடி மனைக்காரர்களும் விலகுவார்கள், கட்டே கிடையாது. “தசரா வரைக்கும் பொறுங்க குருஜி,” என்று கெஞ்சி அவகாசம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“பசவராஜை மொதல்ல போட்டுரு,” என்றான் வேலாயுதம்.

“அப்ப ஓட்டுல ஜெயிச்ச தெருக்காரங்க போட்டோவத் திருப்பிக் கேப்பாங்க.”

“முப்பத்திரண்டு பேரையும் மொதல்ல போட்டுரு.”

அவள் பார்த்த பார்வையில், “சும்மா சொன்னனுங்க தாயே,” என்று சாப்பாட்டுத் தட்டோடு நகர்ந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோடி கட்டும் நாள். தசராவில் யாரோடு யார் மோதுவது என்று பெரியவர்கள் அன்றைக்குத்தான் முடிவு செய்வார்கள். எடை, வயது, பழக்கம் பார்த்து இரண்டு பேரைக் கைகோக்க வைப்பார்கள். பொருந்தாவிட்டால் கையைப் பிரித்துவிடுவார்கள். உமாதேவி கூட்டத்தில் நின்று பார்த்தாள். மல்லப்பன் பசவராஜின் கையை ஒருவனிடமிருந்து விடுவித்து, “எடை ஒத்து வரல்ல, வேற பாருங்க,” என்றார். யார் முதல், யார் பதினேழு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அது மண்ணில் இறங்கிய பிறகு தெரிகிற சமாச்சாரம்.

அவள் நேரே கடைக்குப் போனாள். தரவரிசை இருந்த இடத்தின்மேல் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை அடித்தாள். கட்டின் மேலுறையில் புது விதி ஏறியது: முதலில் ஜோடி கட்ட வேண்டும், எடை ஒத்து வந்தால்தான் மோதல், உயரமா மார்பளவா, எதை வைத்து மோதுவது என்பதைச் சீட்டுக் குலுக்குபவர் சொல்வார்.

வெட்டிய கட்டோடும் வேலாயுதத்தோடும் மறுபடி கரடி மனை வாசலில் போய் நின்றாள். மல்லப்பன் ஒரு சீட்டை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

“பழைய நம்பர் தெரியுதான்னு பாக்கறீங்களா குருஜி?”

“தெரியல்ல.” விதியை நிதானமாகப் படித்தார். “ஜோடி கட்டறது நீங்க எங்க படிச்சீங்க?”

“உங்க கையைப் பாத்துத்தான்.”

அவர் படிக்கட்டில் உட்கார்ந்து, கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்து, ஆட்டத்துக்கு வேலாயுதத்தைக் கைகாட்டி அழைத்தார். வேலாயுதம் ஒரு குண்டுப் பயில்வானை வைத்தான். “ஜோடி இல்ல, எடுங்க.” இன்னொன்றை வைத்தான். “இவனும் ஆகாது.” மூன்றாவதையும் தள்ளினார்.

“நீங்க எப்பத்தாங்க மோதுவீங்க?” என்றான் வேலாயுதம்.

உள்ளே தண்டால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மல்லப்பனுக்கும் மீசை ஆடியது. எழுந்து, சீட்டுகளை அடுக்கி அவள் கையில் கொடுத்தார்.

“போட்டோ உங்ககிட்டயே இருக்கட்டும். குஸ்தி அன்னிக்கு எங்க வாசல்லயே வச்சு வித்துக்குங்க. ஒண்ணு மட்டும், கட்டுல பசவராஜ மேல வைங்க.”

“குருஜி, அது மொதலிடம் ஆயிடாதா?”

“அது சும்மா, அழகுக்கு.”