மாமா கொடுத்த ஃபவுல்

அந்தப் பொங்கலுக்கு நாங்கள் தோற்றது கீழ்க்கட்டளையிடம் அல்ல, என் சொந்தத் தாய்மாமன் வாயிலிருந்த விசிலிடம். வெகுகாலம் வரை நான் இதை இப்படித்தான் சொல்லிவந்தேன். சொல்லும்போதெல்லாம் வயிறு எரியும்.

எண்பதுகளில் செம்பாக்கத்தில் பொங்கலுக்கு மறுநாள் ஏரியை ஒட்டிய மைதானத்தில் கபடிப் போட்டி நடக்கும். காலையில் ஆண்கள் ஆட்டம், வெயில் தாழ்ந்ததும் பெண்கள் ஆட்டம். பெண்களுக்கென்று போட்டி வைக்க ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டு வருஷமும் கோப்பை கீழ்க்கட்டளை ஊர் அணிக்குப் போயிற்று.

கீழ்க்கட்டளை என்றால் மேகலா. அவர்கள் பக்கம் ஏழு பேர் நிற்பது பெயருக்குத்தான். 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிறவள் ஒவ்வொரு முறையும் அவள்தான். பல்லாவரத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்தாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். அவள் வந்தால் எங்களில் யாருக்காவது ரோஷம் வந்துவிடும். தனியாகப் பாய்வாள். பாய்ந்தவளையும் அவளுக்குப் பக்கத்தில் நின்றவளையும் சேர்த்துத் தொட்டுவிட்டு மேகலா கோட்டுக்குப் போய்விடுவாள். இப்படியே ஒவ்வொருவராக வெளியே போய் உட்கார்ந்துதான் இரண்டு வருஷமும் தோற்றோம்.

நான் ஒன்பதாம் வகுப்பு. அணியில் எல்லோருக்கும் இளையவள். வலது மூலையில் நிற்பேன். போன வருஷம் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மேகலா எப்போதும் எங்கள் வலது மூலைக்குத்தான் வருகிறாள். திரும்பிப் போக உடம்பை வளைக்கும்போது ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுடைய இடது கால் மண்ணில் ஊன்றி நிற்கிறது. இந்த முறை பொங்கல் நெருங்கியதும் இதை எங்கள் கேப்டன் சுமதி அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுநாளே எல்லோரையும் கூப்பிட்டு, என்னை முன்னால் நிறுத்திச் சொன்னாள்.

"எவளும் பாயக்கூடாது. ஒரு பாயின்ட் வேணும்னா எடுத்துக்கினு போவட்டும், குடி முழுகிடாது. அவ திரும்புற வரைக்கும் கையைக் கோத்துக்கினே நில்லுங்க. இவ காலைப் புடிச்சதும் மத்தவங்க அவ மேல விழாதீங்கடி. அவளுக்கும் கோட்டுக்கும் நடுவுல போய் நில்லுங்க. வூட்டுக்குப் போற வழிய அடைச்சிட்டா அவ இன்னா பண்ணுவா?"

அடுத்த பாதியையும் அக்காவே யோசித்து வைத்திருந்தாள். மேகலா ஒருமுறை அவுட்டாகி வெளியே போனால், அவர்கள் பக்கம் வேறு யாராவது ஒரு பாயின்ட் எடுக்கிறவரை உள்ளே வர முடியாது. அவளை விட்டால் அவர்களுக்கு எடுக்க ஆளில்லை. ஒரே ஒரு பிடி போதும்.

மூன்று வாரம் பழகினோம். மேகலாவாகச் சுமதி அக்காவே பாடி வருவாள். என் முட்டி இரண்டும் தோல் உரிந்து, பாவாடை பட்டாலே எரியும். அப்போது மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். லேத் பட்டறையில் வேலை. வாலிபத்தில் நன்றாக ஆடியவர், கால் முட்டி போனதும் விசிலை எடுத்துக்கொண்டார். ஊரில் எந்தக் கபடிக்கும் அவர்தான் அம்பயர். நாங்கள் பழகுவதை ஒருநாள் வந்து பார்க்கக் கூப்பிட்டேன்.

"நான் அம்பயரு கண்ணு. உங்க பக்கம் வந்து நின்னா நாளைக்கு எவனாவது ஒருத்தன் பேசுவான்" என்றார்.

இவ்வளவு சுத்தமான மனிதர்தான் அன்றைக்கு அப்படிச் செய்தார்.

ஆட்டம் நாங்கள் நினைத்தபடியே போயிற்று. மேகலா வந்தாள், நாங்கள் அசையவில்லை. மறுபடி வந்தாள், மறுபடியும் அசையவில்லை. சும்மா திரும்பிப் போவது அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம். அவள் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. இன்னும் ஆழமாக வர ஆரம்பித்தாள். கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாங்கள் ஒரே ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம்.

வந்தாள். என் மூலைக்கே வந்தாள். வளைந்தாள். கால் ஊன்றியது. நான் விழுந்து கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை இழுத்துக்கொண்டே போனாள். வாயில் மண், கண்ணில் மண். மேலே யார் யாரோ வந்து மோதுவதும் அவள் மேற்கொண்டு நகர முடியாமல் விழுவதும் தெரிந்தது. பிடித்துவிட்டோம்!

விசில் ஒலித்தது.

"ஃபவுல்! துணியப் புடிச்சிட்டீங்க. பாயின்ட் கீழ்க்கட்டளைக்கு."

அன்று காலை ஆண்கள் ஆட்டத்தில் பனியன்கள் நார் நாராகக் கிழிந்தன. ஒருவனுக்குக் கழுத்துப் பட்டை மட்டும்தான் மிச்சம். ஒன்றுக்காவது மாமா விசில் ஊதினாரா? துணியைப் பிடித்தால் ஃபவுல் என்று சட்டம் இருக்கலாம். அந்தச் சட்டத்துக்கு எங்கள் ஆட்டத்தில்தானா விழிப்பு வர வேண்டும்?

"மாமா! நான் காலத்தான் புடிச்சேன்! காலு துணியா மாமா?" என்று கத்தினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துண்டை உருவித் திரும்பாமலே பின்பக்கம் எறிந்தார். மேகலா எழுந்திருக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆட்கள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். என்ன நடிப்பு என்று நினைத்தேன். சற்று நேரம் கழித்து யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்து மீண்டும் ஆடினாள். நாங்கள் மூன்று பாயின்டில் தோற்றோம்.

அன்று ராத்திரியே இரண்டு பேர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இருவரும் விழாக் கமிட்டிக்காரர்கள்.

"இன்னாய்யா, சொந்த அக்கா பொண்ணு ஆடுற டீமையே கவுத்துட்ட? துண்டு வேற குடுத்து அனுப்பற. அங்க பொண்ணு கிண்ணு பாத்து வெச்சிருக்கியா?"

மாமா எழுந்து உள்ளே போனார். அம்மா கதவை இழுத்துச் சாத்தினாள்.

அன்றிலிருந்து அவருக்குக் 'கீழ்க்கட்டளை மாப்பிள்ளை' என்று பெயர். பட்டறைச் சுவரில் கரியால் எழுதினார்கள். அடுத்த பொங்கலுக்கு வேறு யாரோ அம்பயர், அதற்கடுத்த பொங்கலுக்கும். நான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், சாப்பிடும்போது குழம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தவரிடம், "எனக்கு வேணாம், கீழ்க்கட்டளை மாப்ளைக்கே ஊத்துங்க" என்றேன். அம்மா கையை ஓங்கினாள். மாமா, "விடுக்கா" என்று மட்டும் சொல்லி, சோற்றை முடித்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

பல வருஷம் கழித்துத் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இந்தக் கதையை வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த சுமதி அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"இன்னும் இதையே சொல்லிக்கினு கீறியா நீ?"

"பொய்யா அக்கா?"

"அவ சட்டை என் கையிலதாண்டி இருந்துச்சு. இழுத்த இழுப்புல தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் கிழிஞ்சிடுச்சு. நீ மண்ணுல மூஞ்சிய வெச்சுக்கினு இருந்த, உனக்கு இன்னா தெரியும்? அந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் மூடிக்கினு குந்திடுச்சு. உங்க மாமா விசில் அடிச்சு, நடுவுல வந்து மறைச்சுக்கினு நின்னாரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்னுதான் அவருகிட்ட போனேன். அவருதான் வேணாம்ட்டாரு. வாயால சொன்னா, பாக்காதவனுக்கும் காட்டுன மாதிரி ஆயிடும்மான்னாரு."

மறுநாள் மாமா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "துணியப் புடிச்சா ஃபவுலுதானே கண்ணு" என்றார்.

இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அது மாமா மேல் இல்லை. வாசலில் வந்து கத்திய அந்த இரண்டு பேரும் ஆட்டத்தின்போது முன்வரிசையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். மாமா எதற்கு விசில் ஊதினார் என்று அவர்களுக்குத் தெரியும். பார்த்தார்கள். பார்த்துவிட்டுத்தான் வந்து அவரை அப்படிக் கேட்டார்கள்.

மாமா விசில் ஊதுவதற்குச் சற்று முன்னால் கூட்டத்திலிருந்து எழுந்த சீட்டிச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. முன்வரிசையில் தொடங்கி மைதானம் முழுக்கப் பரவியது. மண்ணில் முகம் பதித்துக் கிடந்த எனக்கு அது என் பிடிக்கு விழுந்த பாராட்டு என்று பட்டது. இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.