ஈப்போவில் விரிந்த விளக்கு

குளிர்ந்த மலைமேல், திரிங்காப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், மரவிளக்கு செய்யும் அக்கா ஒருவரைப் பார்த்தேன். காகிதம்போல் மெலிந்த மரத்தகட்டை வளைக்கும் முன், கன்னத்தில் ஒற்றி ஈரம் பார்ப்பார். கீழே ஈப்போவில் உள்ள என் வீட்டுக்காக அவரிடம் நான் வாங்கிய தாமரை விளக்கு, மொட்டாகவே மூடிக் கிடந்தது. குறைப்பட்டுக்கொண்டேன்.

“இந்தப் பனியில விரியாது லா, தம்பி. கீழ வெயில்ல காஞ்சா தானா விரியும்.”

சொன்னபடியே ஈப்போவில் ஒவ்வொரு இதழாக விரிந்து முழுத் தாமரையானது. தான் செய்த பூ விரிந்து அவரே பார்த்ததில்லையே என்று, படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பூரித்துப்போவார் என்று நினைத்தேன்.

உற்றுப் பார்த்தவர், கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயோ, அவ்ளோ சூட்டுலயா தம்பி இருக்கீங்க?”

இப்போதெல்லாம் அந்தப் பூ நன்றாக விரியும் நாளில், மலைமேல் ஒருவர் எனக்காக வருத்தப்படுவதாகத் தோன்றுகிறது.