சாத்திய கதவு

காஜா பெராங்கில் ரவிக்கை தைத்துப் பிழைத்த பூங்காவனத்துக்கு அடங்கிப்போகத் தெரியாது. குடித்துவிட்டு அடித்த புருஷனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவள். அதற்காக ஊர் அவளைப் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. நாடகம் போட்டால் மட்டும் அவள் வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். நம் நடிகர்கள் பாடம் பண்ணுவார்களா என்ன? அவள் முணுமுணுத்ததை அப்படியே ஒப்பிப்பார்கள்.

மெர்டேக்கா என்னும் சுதந்திர தின விழாவில் தமிழர்களுக்கு ஒரே நாடகம்தான் என்றதும் காஜா பெராங் குழுவும் பக்கத்து ஊரான புக்கிட் காதில் குழுவும் சேர்ந்து ஆட வேண்டியதாயிற்று. ஓடிப்போன குடிகாரக் கணவன் திரும்பி வரும் கதை. ஒரே மூலத்திலிருந்து நகலெடுத்த இரு குழுவும் தங்கள் இஷ்டத்துக்குத் திருத்தியிருந்தன. முதல் ஒத்திகையில், புக்கிட் காதில் பிரதிப்படி செத்துப்போன மாமனார் காஜா பெராங் பிரதிப்படி எழுந்து வந்து சோறு கேட்டார்.

"அவங்க பிரதியைத் தூக்கிப் போடு. நம்மளது போதும்லா," என்றார் கலியாணசுந்தரம். காஜா பெராங் குழுத் தலைவர் அவர், கணவன் வேடமும் அவருக்கே.

"நல்லா இருக்கே ஞாயம்!" என்ற பூங்காவனம், மூலத்தை நடுவில் வைத்து இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் விரித்தாள். ஒரு குழு மட்டும் கைவைத்த இடத்தில் அந்தத் திருத்தம் நிற்கும், இரண்டும் கைவைத்த இடத்துக்கு மட்டும் பஞ்சாயத்து என்றாள். மாமனார் ஒருவழியாகச் செத்தார். அவர் சோறு கேட்ட வசனத்தையும் அடித்தாள்.

கடைசிக் காட்சிதான் மசியவில்லை. மூலத்தில் மனைவி அழுவாள். காஜா பெராங் பிரதியில் கணவன் காலில் விழுகிறாள். புக்கிட் காதில் பிரதியில் கதவைச் சாத்துகிறாள்.

"பொம்பளை கதவைச் சாத்துனா ஊரு சிரிக்கும். கால்லயே விழட்டும்," என்றார் கலியாணசுந்தரம்.

"நான் சாத்துனேன், ஊரு சிரிச்சிச்சு. செத்தா போயிட்டேன்?"

ஆண்கள் கைதூக்கினார்கள். கால்தான் ஜெயித்தது. ஊர்முன் தானே அந்தக் காலில் விழப்போவதுபோல் பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

விழாவன்று மனைவி வேடத்தில் நல்லையா. கலியாணசுந்தரம் வாகாகக் காலை முன்னே வைத்து நின்றார். நல்லையா வழக்கம்போல் திரைப்பக்கம் காதைத் திருப்பினார். பூங்காவனம் மடியிலிருந்த பிரதியை மூடினாள்.

"இது என் வீடு. நீங்க போகலாம்."

"இது என் வீடு. நீங்க போகலாம்!" என்று முழங்கினார் நல்லையா.

"கதவைச் சாத்துங்க."

"கதவைச் சாத்துங்க!" என்று அதையும் முழங்கிவிட்டுச் சாத்தினார். பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. வெளியே மாட்டிக்கொண்ட கலியாணசுந்தரம் கதவைத் தட்டி, "திற புள்ள, திற!" என்றார்.

நல்லையா திரைப்பக்கம் திரும்பவே இல்லை.

"திறக்க மாட்டேன்!"

அந்த வசனத்தைப் பூங்காவனம் எடுத்துக்கொடுக்கவில்லை.