விளக்கு எண் 614

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் கனமான இரும்பைச் சங்கிலியில் கட்டி இறக்கும் ரிக்கர் வேலையை யாரும் சொல்லித்தராமல் கற்றேன். எங்கள் தங்க மைன் மூடியதும் ஆண்டர்சன்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்து, நான்கு கம்ப்யூட்டரையும் நானே கழற்றி மாட்டி ஓட்டினேன். அதற்கெல்லாம் முன்பு மைனில் இருந்தபோது, வெட்டாமல் இறக்க முடியாது என்று இன்ஜினியர்கள் சொன்ன இரும்புத் தகடுகளை இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இறக்கினேன். இந்தத் தகடு வேலையில்தான் இப்போது தகராறு.

பெங்களூரில் கீர்த்தனா என்றொரு பெண். இன்டர்நெட்டில் கிடக்கும் அறிவியல் விஷயங்களைத் தேடி எடுத்துத் தமிழில் போடுகிறாள். போன மாதம் எங்கள் மைனில் விஞ்ஞானிகள் நியூட்ரினோ தேடிய கதையைப் போட்டாள். நியூட்ரினோ என்பது மலையையே துளைத்துக்கொண்டு போகிற துகள். மற்றக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும். அதனால்தான் அவ்வளவு ஆழத்தில் போய்த் தேடினார்கள்.

கூடவே ஒரு பழைய போட்டோ. ஆள் ஏறி இறங்கும் கூண்டான கேஜுக்கு அடியில், நியூட்ரினோ கருவிக்கான ஒரு தகடு தொங்குகிறது. ஒருவன் முதுகைக் காட்டியபடி சங்கிலியைப் பிடித்திருக்கிறான். கீழே எழுதியிருந்தது: ‘இன்ஜினியர்களின் சிறப்பு ஏற்பாடு. உடன், பெயர் தெரியாத தொழிலாளி.’

அந்த ஏற்பாடு என்னுடையது. முதுகும் என்னுடையது.

தகடு கேஜை விட ஒரு முழம் நீளம். வெட்டலாம் என்றார் இன்ஜினியர். வெட்டினால் கருவி வீண் என்றார் விஞ்ஞானி. நான் நடுவில் புகுந்தேன்.

“சார், தண்டவாளம் எப்படி எறங்குது? கேஜுக்கு அடியில கட்டித்தானே? இதையும் அப்படியே கட்டுங்க.”

“இது தண்டவாளம் இல்லப்பா, சயின்ஸ்.”

“சங்கிலிக்கு இன்னா சார் தெரியும், தண்டவாளமா சயின்ஸான்னு?”

கட்டினேன். இறங்கியது.

நான் கீர்த்தனாவுக்குப் போன் போடுவதற்குள் யாரோ அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டார்கள். தலைவிளக்கின் இடுப்பு பேட்டரியில் 614 என்று தெரிந்தது. பங்காருபேட்டையிலிருந்து ரவி என்பவன், “எங்கப்பா நம்பர்” என்று டோக்கன் படத்தோடு எழுதினான். அவன் அப்பா பொன்னுரங்கம், அந்த ஆழத்து லெவலில், கேஜை ஏற்றவும் இறக்கவும் மேலே இருப்பவர்களுக்குப் பெல் அடித்தவன், இப்போது உயிரோடு இல்லை. படத்துக்குக் கீழே பொன்னுரங்கத்தின் பெயர் ஏறிவிட்டது.

கீர்த்தனாவைக் கூப்பிட்டேன்.

“இன்னாம்மா, முதுகு என்னுது, பேரு அவனுதா?”

“உங்க நம்பர் எவ்ளோ அங்கிள்?”

“388.”

“லேம்ப்ல 614 இருக்கே. லேம்ப் மாத்துவாங்களா?”

“மாத்தவே கூடாதும்மா” என்றேன். வாய் என்னை மாட்டிவிட்டது.

மாற்றக் கூடாதுதான். டோக்கனைக் கொடுத்தால்தான் அதே எண்ணுள்ள விளக்கு கிடைக்கும். கீழே பாறை வெடித்து ஆள் புதைந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுபிடிப்பார்கள். விளக்கு மாறினால் செத்தவன் வீட்டில் சிரிப்பார்கள், உயிரோடிருப்பவன் வீட்டில் அழுவார்கள். மாற்றினால் இரண்டு பேருக்கும் சஸ்பென்ஷன்.

அன்று மாற்றினோம். கீழே விஞ்ஞானிகளின் லேபுக்கு இன்னும் லைட் இழுக்கவில்லை. தகடு தொங்கிக்கொண்டிருக்கும்போது என் விளக்கு மங்கிவிட்டது. விளக்கு மாற்ற மேலே போகவேண்டுமென்றால் தகட்டையும் கூட ஏற்ற வேண்டும். பொன்னுரங்கம் தன்னுடையதைக் கழற்றினான்.

“இந்தா, மாட்டுடா.”

“நீ இருட்டுல இன்னாடா பண்ணுவே?”

“பெல்லு எங்கனா ஓடியா போவும்? தடவி அடிக்கிறேன், போ.”

ஷிஃப்ட் முடிந்ததும் திருப்பி மாற்றிக்கொண்டோம். இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. என் சர்வீஸில் ஒரு மெமோ இல்லை என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அன்று வாயைத் திறக்காததுதான் அதற்குக் காரணம். இரண்டு நாள் யோசித்தேன். முதுகு வேண்டுமென்றால் இதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் ரவியிடம் சொன்னேன்.

“மைன்ல எங்கப்பா போட்டோ இது ஒண்ணுதான்னு ஃப்ரேம் போட்டு மாட்டிட்டேன், அங்கிள்.”

“கழட்டாதே. விளக்கு அவனுதுதான்.”

“அப்போ அவர் எங்க இருந்தார்?”

“பத்தடி தள்ளி. ஃபிளாஷ் எட்டாத எடத்துல, பெல் கயித்தைப் புடிச்சுக்கினு. அவன் ஒரு பெல் தப்பா அடிச்சிருந்தா அந்தத் தகடு என் தலைமேல வந்திருக்கும்.”

“தப்பா அடிச்சாரா?”

“அடிச்சிருந்தா உன்கிட்ட யாருடா பேசுறது?” என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பெயரில் உள்ள பொருளை அடுத்தவனுக்குக் கொடுக்க நேர்ந்தால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் நம்ப ஆள் இருக்காது. எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியவனும் போய்விட்டான்.

ஆகவே கீர்த்தனாவுக்கு எழுத்தில் கேட்கிறேன். ‘சிறப்பு ஏற்பாடு’ என்பதை எடுத்துவிட வேண்டும். படத்துக்குக் கீழே இப்படி இருக்க வேண்டும்:

தகட்டைக் கேஜுக்கு அடியில் கட்டச் சொன்னவரும், கட்டியவரும், படத்தில் இருப்பவரும்: ரிக்கர் சவரிமுத்து, எண் 388. விளக்கைக் கொடுத்துவிட்டு இருட்டில் பெல் அடித்தவர்: பொன்னுரங்கம், எண் 614.

இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். என்னுடையது முதலில் வர வேண்டும்.