மஞ்சள் கொடிக் கப்பலில் ஒரு கடிதம்

நோய்ச் சோதனை முடியாததற்கு அடையாளமாக மஞ்சள் கொடி பறக்கும் கப்பலிலிருந்து நாங்கள் அனுமதிக்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சென்னைத் துறைமுகச் சுகாதார இன்ஸ்பெக்டர். அந்த விதிக்குக் காவல்காரன்.

இலங்கையில் புது ரகக் காலரா தலைகாட்டியிருந்த சமயம். அதுவரை நம் கப்பல்களைக் கண்டு அந்தத் தீவுதான் மூக்கைப் பொத்திக்கொள்ளும். முறை மாறியதில் எங்கள் ஆபீசில் சிலருக்குச் சந்தோஷம்கூட.

கொழும்பிலிருந்து வந்த சரக்குக் கப்பல் ஒன்றில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஐந்து நாள் வெளிக்கடலில் நிற்கச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு எங்கள் லாஞ்ச் படகில் இறங்கப் போனேன். கப்பலின் சமையல்காரர் அந்தோணி வழியை மறித்தார். ராயபுரத்துக்காரர்.

“சார், நைனாவுக்கு இழுத்துகினு கீதுன்னு கொழும்புல தந்தி வந்துச்சு. அதோ பாரு சார், மாதா கோயில் கோபுரம். பின்னாடி சந்துதான் நம்ம வூடு.”

“இறங்க முடியாது.”

“எறங்கல சார். நான் வந்துட்டேன்னு தெரிஞ்சா போதும். இந்த லெட்டர மட்டும் குடுத்துடு.”

“கப்பலிலிருந்து ஒரு துரும்பும் கரைக்குப் போகாது.”

“துரும்பு இல்ல சார், நாலு வரி.”

லாஞ்ச் ஓட்டும் காசிம் பாய், “அட, வாங்கிக்க சார், பேஜாரு பண்ணாத” என்றார். அவரையும் முறைத்தேன்.

ஐந்தாம் நாள் காலரா இல்லை என்று ரிப்போர்ட் வந்தது; கொடி இறங்கியது. அந்தோணியின் தந்தை அதற்கு இரண்டு நாள் முன்பே போய்விட்டிருந்தார்.

அடுத்த வாரம் கையெழுத்து ஒன்றுக்காக அந்தோணி ஆபீசுக்கு வந்தார். “கடைசி வரைக்கும் கப்பல் வந்துச்சா, கப்பல் வந்துச்சான்னே கேட்டுகினு இருந்துச்சாம் சார். வூட்ல வரலைன்னே சொல்லிக்கினு இருந்துகிறாங்க.” என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பதவி உயர்வுத் தேர்வுக்காகத்தான் சர்வதேச சுகாதார விதிகளை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். அதுவரை எங்களுக்கு வேதம், மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு பக்க டைப் சுருக்கம். அந்தச் சுருக்கத்தில் இல்லாத வரி ஒன்று புத்தகத்தில் இருந்தது: தபாலுக்கும் செய்தித்தாளுக்கும் தடை கிடையாது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சுருக்கத்தை நம்பாதீர்கள். கப்பலை நிறுத்தியது சரி, இன்றும் நிறுத்துவேன். ஆனால் அந்த வரி அன்றே தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அந்தச் சந்தில் வீடு விசாரித்து, பெரியவரின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, நாலு வரியையும் உரக்கப் படித்திருப்பேன். அவர் காதில் விழாவிட்டால் இன்னொரு தடவையும்.